வார்டன்

“ஒன்னுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு. இதை விட்டுரணும்ங்கற ஆசை உனக்கு எவ்வளவு இருக்கு?” என்று அக்கா ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே நாற்காலியில் தோளைத் தளர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்காரவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா பல வருடம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் இல்லாத இடத்தில் தானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் அளவுக்கு மேலே படித்து முடித்திருந்தாள். இப்போது அதற்கும் மேலே, போதைக்கு அடிமையானவர்களைக் கவனிப்பதற்கென்று தனியாக ஒரு பயிற்சி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் தங்கையை நோயாளியாக்கி ஒத்திகை பார்ப்பாள்.

“நாலு” என்றாள் அவள், அண்ணனைப் போலக் குரலை இழுத்து.

“ஏன் நாலு? ஏன் ரெண்டு இல்ல?”

“என்னக்கா கேள்வி இது? ஏன் பத்து இல்லன்னுதானே கேக்கணும்?”

“அப்படிக் கேட்டா குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். இப்படிக் கேட்டாதான் விடறதுக்கு அவங்களே காரணம் சொல்லுவாங்க. ம், சொல்லு.”

அவள் யோசித்தாள். “வீட்ல தங்கச்சின்னு ஒருத்தி இருக்கா. அவ தொல்லை தாங்கல.”

உள்ளறையில் அண்ணன் சிரித்தது கேட்டது. அப்போது அவனால் சிரிக்க முடிந்தது.

இன்று காலை அவனைப் பக்கவாட்டில் புரட்டுவதற்கே அவளும் அம்மாவும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. புற்று முதுகெலும்புக்குள் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வலிக்கு ஒரு பாட்டில் மருந்தும் அளந்து கொடுக்கக் கோடு போட்ட சின்னக் குப்பியும் தந்திருந்தார்கள். அந்த பாட்டில் பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

“மெதுவா, வார்டன்” என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. “கைதிக்கும் உசிரு இருக்கு.”

வார்டன் என்பது அவன் அவளுக்கு வைத்த பெயர். ஊசியும் மாத்திரையுமாக அவன் அலைந்த காலத்தில், ஒருநாள் அம்மா பாத்ரூம் கதவை உடைத்து, நீலம் பாரித்துக் கிடந்தவனை வெளியே இழுத்துப் போட்டாள். பிழைத்து, சிகிச்சை முடிந்து வீடு வந்தபோது, கொஞ்ச நாளைக்குக் கூடவே யாராவது இருக்கவேண்டும் என்றார்கள். அம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை. அக்காவுக்கு வெளியூரில் வேலை. மிஞ்சியது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள்தான். ஒரு மாசம்தானே, அப்புறம் போய்க்கலாம் என்று அம்மா சொன்னாள். அவன் அதன்பிறகு எதையும் தொடவில்லை. ஆனாலும் போதும், நீ கிளம்பு என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய சீருடை முதலில் இறுகியது, பிறகு தரை துடைக்கும் துணியாயிற்று.

அந்த வேலையை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். சோப்புப் பெட்டிக்கு அடியில் பார்ப்பாள். ரேடியோவில் பேட்டரி போடும் இடத்தில் பார்ப்பாள். நாக்கைத் தூக்கச் சொல்வாள். அவன் அவளைச் செல்லம் என்று கூப்பிட்டால் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பாள். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு அம்மா அவள் பக்கம் திரும்புவாள். அவள், “பொய் சொல்றான்” என்பாள். அதோடு பேச்சு முடியும். வலிக்கிறது என்று அவன் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தக் காலத்தில் வலி மாத்திரைக்காக நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன் அவன்.

அம்மா பீரோவைத் திறந்து மருந்து எடுத்து வந்தாள். குப்பியில் கோட்டுக்குப் பாதிவரை ஊற்றினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு மீதிக்குத் தண்ணீர் விட்டாள். இதைத் தங்கை முதல் நாளிலிருந்தே பார்த்துவருகிறாள். போனில் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றால், அக்கா பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் நின்றாள். வீட்டில் இருந்தது இரண்டு அறைகள்தான். ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்கும்.

அண்ணன் குடித்துவிட்டுக் குப்பியைப் பார்த்தான்.

மதியத்துக்கு முன்பே அக்கா வந்துவிட்டாள். தோளில் பை, சட்டையில் பயிற்சிக் கூடத்தின் பெயர் அட்டை அப்படியே தொங்கியது.

“இன்னிக்கு உனக்குக் கடைசிப் பரீட்சை இல்ல?” என்றாள் அம்மா.

“பாதில எழுந்து வந்துட்டேன்.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவன் நாடியைப் பிடித்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லிட்டிருந்ததை அவள் முகம் காட்டிக்கொடுத்தது.

“டேய், ஒன்னுலேர்ந்து பத்து. வலி எவ்வளவு?”

அவன் முதலில் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தான். பிறகு, “மூணு” என்றான்.

“மூணா?”

“ஏன் ரெண்டு இல்லன்னு கேளுக்கா. கோர்ஸ்ல சொல்லித்தந்தாங்கல்ல?”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். தங்கை கட்டிலின் மறுபக்கம் நின்றதால் அவளுக்குப் போர்வைக்கு அடியில் நடப்பது தெரிந்தது. அவன் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வியர்வை. பத்து பத்து என்று அவன் கத்திய காலமெல்லாம் அவனுக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. சின்ன எண்ணாகச் சொன்னால், இவன் திருந்திவிட்டான் என்று நம்பி ஏதாவது கொடுப்பார்களோ என்று பார்க்கிறான்.

“பொய் சொல்றான்” என்றாள் அவள்.

அம்மா கட்டிலருகே வந்தாள்; பழக்கத்தில் அவள் கை அவன் தலையணைக்கு அடியில் போய்த் துழாவியது.

“அங்க ஒன்னும் இல்லம்மா. நம்பரைச் சொன்னேன். மூணு இல்லக்கா. பொய் சொல்றான்.” அம்மாவைப் பார்க்காமல் அடுத்ததையும் சொன்னாள். “மருந்துல பாதி தண்ணி.”

அக்கா மெதுவாக எழுந்தாள். “அம்மா?”

“ஆமா, கலந்தேன். அதுக்கு என்ன இப்ப?” அம்மா சங்கிலியோடு சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். “அவனை இழுத்துப் போட்டது இந்தக் கைதான். நீ அங்க இல்ல. எவ்வளவு பாடுபட்டு விடவச்சோம். மறுபடி அதே போதையை ஊத்தி அனுப்பச் சொல்றியா? போறதுன்னா சுத்தமாப் போகட்டும்.”

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். தோள்கள் தளர்ந்தன, கைகள் விரிந்தன. “நீங்க ரொம்பப் பயந்துபோயிருக்கீங்கன்னு எனக்குப் புரியுது. இந்த மருந்தைப் பத்தி உங்களுக்கு…”

“என்னடி, திடீர்னு நீங்க வாங்கன்னு? அந்த ஆஸ்பத்திரிக் குரலை என்கிட்ட எடுக்காத. நான் உன் பேஷன்ட் இல்ல.”

விரித்த கைகளை அக்கா இறக்கிக்கொண்டாள். மறுபடி பேசியபோது அவள் குரல் கோணியது. “போதைக்குப் பழகின உடம்புக்கு மருந்து அதிகமாதான் வேணும்மா. முழு அளவே அவனுக்குப் பத்தாது. இதைத்தான்மா இத்தனை நாளா உக்காந்து படிச்சேன். இங்க இவன் இப்படிக் கிடக்கான்.”

“விடுக்கா” என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமலே. “ரூல்னா ரூல்தான்.”

தங்கை கட்டிலைச் சுற்றி வந்தாள். அம்மாவின் பின்னால் போய் நின்று கழுத்தில் கைவைத்து, சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். திட்டு விழும், அடி விழும் என்று காத்திருந்தாள். அம்மா தலை பின்னிக்கொள்ளக் குனியும் சிறுமியைப் போலத் தலையைக் குனிந்தாள். சாவி வியர்வையில் நனைந்திருந்தது.

முழு அளவு கொடுத்தார்கள். அக்கா டாக்டருக்குப் போன் செய்து பேசினாள். அவர் சொன்னபடி கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொடுத்தார்கள். தங்கை போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டில் சட்டத்திலிருந்து சுண்டுவிரல் முதலில் விலகியது. பிறகு கை முழுவதும் விரிந்து மெத்தையில் கிடந்தது.

“இப்ப எவ்வளவுடா?” என்றாள் அக்கா.

“ஒன்னு. ஒன்னுகூட இல்ல.”

“முன்னாடி? நிஜமா சொல்லு.”

“பத்துக்கு மேல உங்க கோர்ஸ்ல இருக்கா?” என்று கேட்டுவிட்டு அவன் தூங்கிப்போனான்.

அம்மா அதை வாசலில் நின்று கேட்டாள்.

அவன் மூச்சுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் இரைச்சல் வந்து, ஓய்ந்தது. அக்கா அவன் மார்பில் காதை வைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு நிமிர்ந்து, அவன் வாயை மூடிவிட்டாள்.

அம்மா அழவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மருந்தாலயா?” என்றாள்.

“இல்லம்மா. நான் வந்தப்பவே பாதம் சில்லிட்டிருந்துச்சு. நோய்தான். மருந்து வலியை மட்டும்தான் எடுத்துச்சு.”

அம்மா தலையசைத்தாள். அக்கா பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். தங்கை துணியை நனைத்துப் பிழிந்து அவன் கழுத்தைத் துடைத்தாள். மார்பை, கைகளைத் துடைத்தாள். நகங்களுக்கு அடியில் கட்டில் சட்டத்தின் பச்சைப் பெயின்ட் ஏறியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிடித்து அதை எடுத்தாள்.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கு பாட்டிலைக் கேட்டு அழுதானே” என்றாள் அம்மா. “நான்கூட, நடிக்காதடான்னு அறைஞ்சேனே. அப்பவும் வலிதானா?”

அக்கா துணியை மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள். தங்கை சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிடித்திருந்த பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். கட்டில் விளிம்பில் கையை ஊன்றி எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, செருப்புப் போடாமல் மாடிப்படியிறங்கிப் போனாள்.

தங்கை ஜன்னலுக்கு வந்து கீழே பார்த்தாள். சாயங்கால வெயிலில் அம்மா தெருவின் நடுவே நடந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. அம்மா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். அது போனதும் திரும்பவும் நடுவே வந்து, நேராக நடந்து போனாள்.