கதவைத் திறக்காத அல்மாட்டி

தாஸ்தான் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லவேளை, அவன் அல்மாட்டியில், நான் கிசிலோர்தாவில். நடுவில் ஒரு நாள் ரயில் பயணம்.

எங்கள் மருத்துவமனையின் சர்வர்கள் என் பொறுப்பு. அல்மாட்டிப் பெரிய மருத்துவமனையில் அதே வேலை அவனுக்கு. இங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களை என் சர்வர் அவன் சர்வருக்குள் நுழைந்து வைத்துவிட்டு வரும். நுழைய ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும், அதை நான் உண்டாக்குவேன். எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்று சீட்டிலேயே பதிந்திருக்கும், மொத்தம் இரண்டு மணி நேரம். ஒரு வருஷமாக ஒரு தகராறும் இல்லை. அந்த மார்ச் முதல் தேதி காலையில்தான் வந்தது.

படங்கள் அமாங்கெல்தி என்பவருடையவை. ரயில்வே ஆள், சரக்குப் பெட்டி மேலிருந்து விழுந்து மண்டையில் அடி. அவரை அல்மாட்டிக்குக் கொண்டுபோக அவசர விமானம் தயாராக நின்றது. அங்கிருந்த மூளை அறுவைப் பேராசிரியரோ படத்தைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் டாக்டர் ஒருவர் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். இதை வைத்து யார் தலையைத் திறப்பது என்று அதற்கும் திட்டு விழுந்தது. பேராசிரியர் ஒரு மணிக்கு வேறோர் அறுவைக்குள் போய்விடுவார். அதற்குள் படம் போகாவிட்டால் ஆளை ஏற்றிவிடுவேன் என்று நாங்கள் மரியாதையாக அகா என்று அழைக்கும் தலைமை மருத்துவர் ஜூமாபேக் எனக்குக் கெடு வைத்தார்.

அமாங்கெல்தியின் மனைவி ஷோல்பான் என் அறை வாசலில், குளிருக்குச் சூடேற்றும் வெந்நீர்க் குழாயை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே தலை நீட்டினால் போதும், ஏன் இன்னும் ஏற்றவில்லை என்பாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எரிச்சல்தான். விமானம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், பேராசிரியருக்கு மட்டும் சினிமா பார்க்க வேண்டும்.

இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. அல்மாட்டி சர்வர் கூப்பிட்டால் பதில் சொன்னது. கதவு வரை போனால் மட்டும் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அறைந்தது. பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுப் புதிது போட்டேன். அனுமதி இல்லை. அதையும் தூக்கிப் போட்டேன். காலை முழுக்க இதே பிழைப்பாகப் போயிற்று.

தாஸ்தானைக் கூப்பிட்டால் அவன் பக்கம் எல்லாம் சரியாம். இரண்டாம் முறை கூப்பிட்டபோது, உங்க ஊர்க் கம்பியை எலி கடித்திருக்கும் என்றான். மூன்றாம் முறை, "கொஞ்சம் விட்டுப் பிடிங்கக்கா, தானா சரியாயிடும். நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று வைத்துவிட்டான். அல்மாட்டியில் டீ என்றால் ஒரு கோப்பையோடு முடியாது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மேலதிகாரியைப் பிடித்து அவனைப் போனுக்கு இழுத்து வரச் செய்தேன்.

"தம்பி, நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம். உன் சர்வர் பதிவுல என்ன இருக்கோ அதை அப்படியே படி."

"அனுமதி இல்லைன்னுதான்."

"அதுக்கு மேல் வரி?"

"சீட்டு இன்னும் ஆரம்பிக்கலைன்னு போட்டிருக்குக்கா."

"உன் மெஷின்ல இப்ப மணி என்ன?"

"உங்களுக்கு என்னவோ அதேதான். இன்னிலேருந்து நாடு முழுக்க ஒரே மணியாச்சே. எங்க சாயங்கால வெளிச்சத்துல ஒரு மணி நேரத்தைத்தான் புடுங்கிக்கிட்டீங்களே. ராத்திரியே என் கையால திருப்பி வச்சேன்."

கையால. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அதுவரை எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருந்த அல்மாட்டி அன்று பின்னால் வந்திருந்தது. ஊரே சுவர்க் கடிகாரங்களைத் திருப்பி வைத்தது, இவன் சர்வரையும் அப்படியே திருப்பி வைத்திருக்கிறான். சர்வர் உள்ளுக்குள் எண்ணுவது உலகப் பொது நேரத்தை. அதில் இந்த ஊருக்கு இத்தனை மணி கூடுதல் என்ற ஊர்க்கணக்கைக் கூட்டித்தான் திரையில் காட்டும். ஊர்க்கணக்கை மாற்றியிருக்க வேண்டியவன் முள்ளை மாற்றிவிட்டான். திரையில் எங்கள் மணியும் அவன் மணியும் ஒன்றே, உள்ளே அவன் மெஷின் மட்டும் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடியது. வெளியிலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் இணைப்பு ஒன்று உண்டு. அது பழைய மணியையே திரும்பத் திரும்பக் கொண்டு வந்ததாம், தொல்லை என்று அதையும் துண்டித்துவிட்டான்.

நான் இப்போது போட்ட சீட்டு அவன் மெஷினுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிற சீட்டு. முதல் சீட்டைத் தொடாமல் விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் கதவு தானாகத் திறந்திருக்கும். இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப விட்டுப் பிடிங்கன்னு சொன்னது தப்பில்லையேக்கா" என்றான்.

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஊர்க்கணக்கை மாற்றி, துண்டித்ததைச் சேர்த்தான். கதவு திறந்தது. படங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணியாகச் சில நிமிஷங்களே இருந்தன. ஜூமாபேக் அகா அதற்குள் நம்பிக்கை இழந்து, ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து நின்றார். அவர் போன் அடித்தது. பேராசிரியரின் குரல் எனக்கே கேட்டது.

"மண்டைக்குள்ள காத்து பூந்திருக்கு. உயரத்துக்குப் போனா அது விரிஞ்சு மூளையை நசுக்கிடும். வழியிலேயே போயிடுவான். ஏத்தாதீங்க. விமானத்தை இங்க அனுப்புங்க, ஒரு மணி அறுவையை வேற ஆள் பாத்துக்கட்டும், நான் வர்றேன்."

ஜூமாபேக் அகா அந்த வயதில் அப்படிப் படியிறங்கி ஓடி நான் பார்த்ததில்லை.

ஸ்ட்ரெச்சர் திரும்பி உள்ளே வருவதைப் பார்த்து ஷோல்பான் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கைவிட்டுட்டாங்களா? ஏன் இறக்குறாங்க?"

"கைவிடலை. டாக்டர் இங்கயே வர்றார். மேல கொண்டுபோயிருந்தா உயிர் தங்கியிருக்காதாம்."

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"காலையிலேருந்து ஏத்துங்க ஏத்துங்கன்னு நான்தானேக்கா கத்தினேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானும்தான்" என்றேன்.