இரண்டு தடவை சொன்னவரின் அறை

அந்த ஊரில் ஒருவர் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால், அவர் சொல்லிக்கொண்டு கிளம்பிய அறை வளரும். "போறேன்" என்று சொன்னால் வளராது. ஆனால் நல்ல குடும்பத்தில் யார் அப்படிச் சொல்வார்கள்?

மேகலாவின் கணவர் அப்படிக் கிளம்பிப் போன அறை வளர்ந்து வளர்ந்து, எதிர்ச்சுவர் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. அவ்வளவு இடத்தையும் தூசி சும்மா விடுமா? படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் வாங்காவிட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மிஷின் கடையிலிருந்து பெஞ்சமின் வந்தார்.

"ரூம் சைஸுக்கு ஏத்த மாதிரிதான் மிஷின் எடுக்கணும்க்கா. சின்னதா எடுத்தா சும்மா சுத்திட்டுக் கிடக்கும். பெருசா எடுத்தா கரண்டு பில்லு எகிறும். சார் கிளம்புறப்ப என்ன சொன்னாரு?"

"போயிட்டு வரேன்னுதான். அதுவும் ரெண்டு தடவை. கண்ணாடியை மறந்துட்டுத் திரும்பி வந்தாரு. உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, மறுபடியும் சொன்னாரு."

பெஞ்சமின் உச்சுக் கொட்டினார்.

"ரெண்டு தடவையா! போறேன்னுதான் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரூம் பழையபடி ஆயிடும். எதிர்வீட்டு சகாயமேரியம்மா அவங்க அண்ணன் விஷயத்துல அப்படித்தான் சொன்னாங்க. சின்ன மிஷின்தான், நிம்மதியாத் தூங்குறாங்க."

மேகலா வாயைத் திறந்தாள். இருமல் வந்தது, அந்த வார்த்தை வரவில்லை. கண்ணாடியை எடுத்த மனுஷன் சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்காக மூன்றாவது தடவையும் வருவார் என்றுதான் இத்தனை காலமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'போறேன்' என்று மாற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு வருவார்? இருமல் நிற்பதைவிட அவரைப் பார்ப்பதுதான் அவளுக்கு முக்கியம்.

"அளந்துடுங்க தம்பி," என்றாள்.

டேப்பின் நுனியை அவள் கையில் கொடுத்து, "அளந்துட்டு வரேன்" என்று பெஞ்சமின் கிளம்பினார். அந்தக் கடை ஆட்கள் சொன்னால் வந்துவிடுவார்கள். வராவிட்டால் வாடிக்கையாளரின் அறை இன்னும் பெரிதாகி, கொடுத்த மிஷின் பத்தாமல் போய்விடும். மறுநாள் மத்தியானம், ஷூ முழுக்கத் தூசியோடு திரும்பி வந்தார்.

"ரூமுக்கு நடுவுல ஏற்கெனவே ஒரு மிஷின் ஓடுதுக்கா. அந்தக் கோடியிலேர்ந்து ஒருத்தர் வாங்கி வச்சிருக்காரு, கண்ணாடி போட்டவர். அவருக்கும் சைஸ் பத்தலையாம். உங்க பாதிக்கு இனிமே சின்னதே போதும்."

"இருமுறாரா?"

"உங்களை மாதிரியேதான்."

"சாப்பிட்டாராமா?"

"அதைக் கேக்கலையேக்கா."

பெஞ்சமின் சின்ன மிஷினைக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தார். தினமும் புதுச்சோறு நிரப்பி வைக்கும் அவருடைய டப்பாவை மேகலா அடுப்பு மேடையிலிருந்து எடுத்தாள். கை சுட்டது. புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டாள். அறையின் உட்பக்கமாகத் திரும்பி நடப்பதற்கு முன்னால், பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேன்" என்றாள்.

"சரிக்கா, போயிட்டு வாங்க."

பெஞ்சமினுக்குப் பின்னால் இருந்த சுவர் ஓரடி தள்ளிப் போனது. அவர் சின்ன மிஷினைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டு, பெரியதை அனுப்பச் சொல்லிக் கடைக்கு போன் செய்தார்.