ஆறு மணிக்கு இரண்டு மேடை

என் அக்காக்கள் இருவரும் கலைஞர்களைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியவள் கட்டிக்கொண்டது வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுகிறவரை. சின்னவள் கட்டிக்கொண்டது ஒரு பல் டாக்டரை. கலை பிறகுதான் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் சில ஆண்களுக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்குக் கலை வருகிறது. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது.

பெரிய அத்தானுக்கு வந்தது நாடகம். எழுத்து, இயக்கம், முக்கிய வேடம் மூன்றும் அவரே. வீட்டில் எல்லாரும் அவரை டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். அக்காவும் அப்படியே கூப்பிடுவாள். "டைரக்டர், குப்பையை வெளியில வெச்சாச்சா?" என்பாள்.

சின்ன அத்தானுக்கு வந்தது டிரம்ஸ். கிளினிக்கில் வேலை செய்கிறவர்களையே சேர்த்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார். உதவியாளர் கீபோர்டு, வரவேற்பில் இருக்கும் பெண் பாட்டு. நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம் தாளத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அவர்களால் பதில் பேச முடியாது. அதை அவர் ரசனை என்று எடுத்துக்கொண்டார்.

நான் கடைசி. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் வேலை. ஒரு நாளும் வருந்தியதில்லை. இந்தக் குரலுக்காகத்தான் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் என்னைப் பிடித்துக்கொள்ளும். கோடை உச்சியில், சனி ஞாயிறு இரண்டு நாளும், பூங்காவில் கலை விழா. மரங்களுக்குக் கீழே ஒரு மேடை, டென்னிஸ் மைதானத்தை ஒட்டி இன்னொரு மேடை. மேடை ஏறத் துடிப்பவர்கள் அதிகமாகிவிட்டதால் இரண்டாவது மேடை. பார்க்கிறவர்கள் அதிகமாகவில்லை, அதை யாரும் யோசிக்கவில்லை.

சங்கச் செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் வருவது அது ஒன்றுதான். டைரக்டர் போய், ஞாயிறு மாலை ஆறு மணி எனக்கு வேண்டும் என்றார். ஆகட்டும். பல் டாக்டர் போய், ஞாயிறு மாலை ஆறு மணி எனக்கு வேண்டும் என்றார். அதுவும் ஆகட்டும்.

சனிக்கிழமை காலையில் நிகழ்ச்சி நிரல் என் கைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு மேடைக்கும் நடுவே ஒரு ஐஸ்கிரீம் வண்டி நிற்கும் சின்னப் புல்வெளிதான் இடைவெளி.

டைரக்டரிடம் போனேன். நாடகத்தின் பெயர் 'கட்டிலும் கடலும்'. சாகக் கிடக்கும் ஒரு கப்பல் கேப்டன் பிள்ளைகளிடம் விடைபெறுகிறார். முழு நாடகமும் அதுதான். அவர் விடைபெறுவார், விடைபெறுவார், விடைபெற்றுக்கொண்டே இருப்பார்.

"அத்தான், நீங்க அஞ்சு மணிக்கு வெச்சுக்கலாமே?"

"அஞ்சு மணி வெயில்ல சாகச் சொல்றியாம்மா? கேப்டன் கண்ணை மூடுறப்ப பின்னாடி சூரியன் இறங்கணும். அது இல்லேன்னா நாடகமே இல்லை."

சின்ன அத்தானிடம் போனேன். அவர் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"ஏழு மணிக்கு வெச்சுக்கலாமா அத்தான்?"

"ஏழு மணிக்குக் கூட்டம் சாப்பிடக் கிளம்பிடும். அவர் வேணா ஏழு மணிக்குச் சாகட்டுமே! சாகிறதுக்கு என்ன நேரம் காலம்?"

அக்காக்கள் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து போன் செய்தார்கள். பெரியவள், "உன் சின்ன அத்தான்கிட்ட நீ சொன்னா கேப்பார்டி" என்றாள். சின்னவள், "பெரியவர் உன் பேச்சைத்தான் மதிப்பார்டி" என்றாள். இருவரும் சொன்னது பொய். கடைசியில் ஆகட்டுமிடமே போனேன்.

"ரெண்டு பேருமே பெரிய மனுஷங்க. ஜனங்களுக்கு எது பிடிக்குதோ அதைப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். பூங்காவில் அவருடைய படம் போட்ட பேனரைக் காற்று தூக்கியடிக்காமல் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயிலை விட்டால் எங்களை வேலையை விட்டுத் துரத்துவார்கள். கலை விழாவில் அப்படி விட்டால் அதற்குச் செழுமை என்று பெயர்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இரண்டு நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து அறிவித்துவிட்டு, ஒலி அமைப்பாளரின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து இரண்டு மேடையும் தெரியும்.

நாடகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நடிகர்களின் சொந்தக்காரர்கள், டைரக்டரின் அலுவலகத்தார், நிழலுக்காக வந்தவர்கள். திரை விலகியது. டைரக்டர் வெள்ளைத் தாடியோடு கட்டிலில் கிடந்தார். சுற்றிலும் மூன்று பிள்ளைகள். பெரிய அக்கா திரைக்குப் பின்னால் வசனத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். அவர் மறந்தால் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. அவர் மறப்பார்.

"மகனே..." என்று கேப்டன் மெல்லக் கண் திறந்தார். "என் நெஞ்சுக்குள் என்ன சத்தம்?"

டென்னிஸ் மைதானத்துப் பக்கமிருந்து டமடமவென்று பதில் வந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் போனபின் இந்த வீடு அமைதியாகிவிடும்" என்றார் கேப்டன்.

டமார். அதற்குமேல் ஒரு ஜிங். கூட்டம் மொத்தமும் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "அப்ப சீக்கிரம் போங்க கேப்டன்!"

டைரக்டருக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. அக்கா எடுத்துக்கொடுத்தாள். டிரம்ஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் முழுக் குரலில் கத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசனமும் கூட்டத்துக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் திரைக்குப் பின்னாலிருந்து, பிறகு கட்டிலிலிருந்து. முதலில் வந்ததில்தான் உயிர் இருந்தது. ஒரு கட்டத்தில் அக்காவின் குரலுக்கே கைதட்டினார்கள்.

அதைத்தான் டைரக்டரால் தாங்க முடியவில்லை. போர்வையை உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தார். மேடையை விட்டு இறங்கி, வெள்ளை இரவு அங்கியோடு, ஒட்டுத் தாடி ஒரு பக்கம் தொங்க, புல்வெளியைக் கடந்து விறுவிறுவென்று நடந்தார். பிள்ளைகளாக நடித்த மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல், வெறும் கட்டிலைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கூட்டம் இதையும் நாடகம் என்று நினைத்து அவர் பின்னாலேயே போனது.

சின்ன அத்தான் கண்ணை மூடித் தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் மேடையேறி டிரம்ஸின் ஜிங்சாத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். பாடகி விவரமான பெண். மைக்கை அதன் கம்பத்திலேயே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"நிறுத்துய்யா! அங்க ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கேன்!"

"நீ எப்ப செத்து முடிக்கிறது, நான் எப்ப வாசிச்சு முடிக்கிறது?"

சகலைகளாகி இத்தனை வருஷத்தில் அவர்களுக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்தது அன்றுதான்.

"நீ வாசிக்கிறதுக்குப் பேரு டிரம்ஸா? தகரக் கூரையில கல்லெறியிற சத்தம்! பல்லு புடுங்குறவனுக்கு எதுக்குய்யா இந்தப் பொழப்பு?"

"நசுங்கின வண்டியைத் தடவிப் பாக்கிறவன் கேப்டனாம்! கட்டுமரத்துலயாவது ஏறியிருக்கியா நீ?"

கூட்டம் விசிலடித்தது. இங்கிருந்தவர்கள், அங்கிருந்து வந்தவர்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். இரண்டு நாளில் அந்தப் பூங்கா அவ்வளவு கூட்டத்தைப் பார்க்கவில்லை.

ஒலி அமைப்பாளர் என்னைப் பார்த்தார். "மைக்கைக் கட் பண்ணிடட்டுமா மேடம்?"

"வேண்டாம். ஓடட்டும்" என்றேன்.

டைரக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "உன் பொண்டாட்டி வாரா வாரம் எங்க வீட்டுக்கு ஏன் வர்றா தெரியுமா? அக்காவைப் பாக்கவா? மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழ வர்றா! உன் சத்தம் தாங்க முடியாம அழ வர்றா!"

முதல் வரிசையில் கணவரைப் படமெடுத்துக்கொண்டிருந்த சின்ன அக்கா, செல்போனை மெதுவாக மடியில் இறக்கினாள்.

சின்ன அத்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "என் பொண்டாட்டி அழறது இருக்கட்டும். உன் நாடகத்துல ஒரு வரியாவது நீ எழுதினதா? எல்லாம் உன் பொண்டாட்டி எழுதினது! அவ சமையக்கட்டுல உக்காந்து எழுதுவா, நீ மேல உன் பேரைப் போட்டுக்குவே! எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"ஓ!" என்றது கூட்டம், ஒரே மூச்சில்.

பெரிய அக்கா வசனத்தாளோடு புல்வெளி நடுவில் நின்றிருந்தாள். அவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அவளைப் பார்த்தாள். ஒருத்தியின் ரகசியத்தை மற்றவள் தன் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள் என்பது அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், இருவருக்கும் தெரிந்தது.

மேடையில் இருவரும் மூச்சிரைக்க நின்றார்கள். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நொடி அவர்கள் முகத்தில் தெரிந்ததை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். அதற்குள் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. எழுந்து நின்று தட்டியது. ஒரு இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அத்தான்கள் இருவரும் கூட்டத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு கை கோத்து, தலை தாழ்த்தி வணங்கினார்கள்.

அக்காக்களை என் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"அவர்கிட்ட சொன்னியாடி?" என்றாள் பெரியவள்.

"நீயும்தானே சொல்லியிருக்கே."

"புருஷன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்றாள் சின்னவள். பிறகு, "அழ மட்டும் வரலைக்கா. உன் மாடி ரூம்ல நல்லாத் தூக்கமும் வரும்" என்றாள். பெரியவள் சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

வீட்டில் அத்தான்கள் மன்னிப்புக் கேட்டிருந்தால் இத்தோடு முடிந்திருக்கும். கேட்க அவர்களுக்கு நேரமில்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, இசையும் நாடகமும் மோதிப் பிறந்த துணிச்சலான புதுமுயற்சி என்று எழுதிவிட்டது. ஒரே வாரத்தில் அது முன்கூட்டியே திட்டமிட்டது என்று இருவரும் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் அதை நம்பவும் ஆரம்பித்தார்கள். "சகலை" என்று தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அடுத்த கோடையில் அதையே மறுபடி போடச் சொன்னார் ஆகட்டும்.

இருவரும் சேர்ந்து வந்து பெரிய அக்காவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"சண்டைக்கு வசனம் வேணும். நீ எழுதினாதான் சரியா வரும்" என்றார் டைரக்டர்.

"எழுதுறவர் நீங்கதானே டைரக்டர்" என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படி இல்லை அண்ணி, நீங்க கொஞ்சம் தொட்டுக்கொடுத்தா..." என்று இழுத்தார் பல் டாக்டர்.

"உங்க பொண்டாட்டியைக் கேளுங்க. அவதான் எல்லாத்தையும் நல்லாச் சொல்லுவாளே."

அவளும் மாட்டேன் என்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் அவர்களே எழுதினார்கள். தன்னைத் திட்டும் வசனத்தை ஒருவர் கோடு போட்டு அடிக்க, பதிலுக்கு மற்றவரும் அடிக்க, மாதக்கணக்கில் எழுதினார்கள். அக்காக்கள் அந்தக் கோடைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, விழா வாரத்தில் மலைப்பக்கம் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஞாயிறு மாலை பூங்காவில் நிற்க இடமில்லை. போன வருஷச் சண்டையைக் கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். நான் அறிவித்தேன். கேப்டன் நடந்து வந்தார், டிரம்ஸ் நின்றது.

"சகலை! உங்கள் தாளம் சற்றே உரக்க ஒலிக்கிறது" என்றார் டைரக்டர்.

"சகலை! உங்கள் மரணம் சற்றே நீள்கிறது. ஆயினும் உங்கள் நடிப்பு சிகரம்" என்றார் பல் டாக்டர்.

"உங்கள் விரல்களில் இடி குடியிருக்கிறது."

"உங்கள் குரலில் கடல் குமுறுகிறது."

கூட்டம் பொறுத்துப் பார்த்தது. "நிஜமா சண்டை போடுங்கப்பா!" என்று ஒருவர் கெஞ்சினார். இருவரும் பாராட்டிக்கொண்டே போனார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எதிர் மேடையில் ஒரு மேஜிக்காரர் காதுக்குள்ளிருந்து கைக்குட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆகட்டும் மட்டும் முன்வரிசையில் இருந்தார், அவரும் தூங்கிவிட்டார்.

முடிந்ததும் இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"ரொம்ப மரியாதையா இருந்துச்சு அத்தான்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். "ஜனங்களுக்கு இன்னும் பக்குவம் பத்தலை."

"அதேதான் சகலை" என்றார் மற்றவர்.

அவர்கள் போனதும் பெரிய அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"அப்புறம் பேசறேன்டி. எழுதிக்கிட்டிருக்கேன்."

"என்ன எழுதறே?"

"ஏன், நீ போய் யார்கிட்டயாவது சொல்றதுக்கா?" என்று போனை வைத்துவிட்டாள்.