கிறிஸ்பினின் பூட்டு

முப்பத்தெட்டு வயதில் பேரிங்கையும் கிரீஸையும் பரீட்சைக்கு உருப்போடுகிறவளுக்கு மூளை குழம்பியிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சால்டியோ டைல்ஸ் தொழிற்சாலைக்கு இயந்திரக் கை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது வந்தால் எங்கள் பிரிவில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பராமரிப்பு மெக்கானிக் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்காகத்தான் பதினெட்டு மாதம், ஷிஃப்ட் முடிந்து கால் கடுக்கக் கடுக்க வகுப்பில் உட்கார்ந்தேன். கடைசியில் நானும் டாச்சோ என்ற லாரி மெக்கானிக்கும் மட்டும் மிஞ்சினோம்.

பாடம் நடத்திய யாதிரா என்னைவிட ஒன்பது வயது சின்னவள். முதல் நாளே ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்தாள், அவரவர் போட்டோ ஒட்டியது. இயந்திரத்துக்குள் தலையை விடுமுன் அதன் சுவிட்சில் அந்தப் பூட்டை மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. யாராவது மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், உள்ளே ஆள் இல்லை என்று தேடிப் பார்த்துப் பராமரிப்பு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறுக்கலாம்.

செய்முறைத் தேர்வின் கடைசி வாரம் பராமரிப்புப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம், சூளைக்குப் போகுமுன் டைல்ஸை உலர்த்தும் கோபுரத்தின் சுவிட்சில், அதைச் சுத்தம் செய்யும் கிறிஸ்பினின் பூட்டு தொங்கியது. ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. கோபுரம் ஐந்து மாடி உயரம். உள்ளே தட்டுகள் சங்கிலியில் ஏறி இறங்கும். அடிக்கதவு வழியே எட்டிப் பார்த்தால் மூன்று தட்டுதான் தெரியும். மற்றதைப் பார்க்கப் பக்கவாட்டில் பதினான்கு இரும்புப் பலகைகளைக் கழற்ற வேண்டும்.

உற்பத்தி இன்ஜினியர் ஒந்திவேரோஸ், பூட்டை அறுக்க அனுமதிக்கும் காகிதத்தோடு வந்தார். எனக்கு மார்க் போடப்போகிறவரும் அவர்தான்.

"கேட் கார்டப் பாரும்மா. ரெண்டு பத்துக்கு வெளிய போயிருக்கான். கையெழுத்தப் போடு, அறுத்துட்டு ஓட்டலாம்."

கேட் கார்டு லட்சணம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்தால் வரிசை நீளும், பஸ் போய்விடும். அதனால் முன்னால் போகிற எவனாவது ஒருவன் கார்டு செருகும் சட்டத்திலிருந்து பத்துப் பேர் கார்டை எடுத்து மொத்தமாக அடித்துவிடுவான். பின்னால் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. என் கார்டையும் அப்படித்தான் அடித்தார்கள். இதை வாய்விட்டுச் சொன்னால் பத்துக் குடும்பத்தின் வயிற்றில் அடித்தவளாவேன்.

"கார்டு மட்டும் போதாது, இன்ஜினியர். பலகையக் கழட்டிப் பாக்கணும்."

"கத்திப் பாத்தாச்சே! பதில் வரலியே!"

"மயங்கிக் கெடக்குறவன் பதில் சொல்வானா?"

"சூளை காலியா எரியுதும்மா. உனக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் பேனாவை வாங்க என் கை நீளவில்லை. பொத்தானை அழுத்தியதும் மேலே சங்கிலியில் ஒருவன் நசுங்குவது போல் ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்றது.

கழற்றினோம். இரண்டரை மணி நேரம். கடைசிப் பலகையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். ஒரு பழைய கையுறை கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கிறிஸ்பின், அண்ணன் மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்துக்கு ஆட்டுக்கறி வாங்கப் போயிருக்கிறான். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை கேன்டீனில் தோர்த்தியா ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டே, "அக்கா, நான் செத்தா நீங்கதான் மொத ஆளா அழணும். ஆனா கொஞ்சம் பொறுங்க, நான் செத்துக்கிறேன்!" என்றான். மேஜையே குலுங்கிச் சிரித்தது. கார்டை நம்ப முடியாது என்று நான் சொன்னதாகப் பேச்சு பரவி, கேட்டில் காவலாளியை விட்டு மூன்று வாரம் முகம் பார்த்துக் கார்டு அடிக்க வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அப்புறம் பழையபடியே ஆகிவிட்டது.

யாதிரா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "விதிப்படி நீங்க செஞ்சதுதான் சரி, அக்கா."

"அப்ப மார்க்கு, டீச்சர்?"

"அது உற்பத்திக்காரங்க போடுறது." தன் ஷூவைப் பார்த்தபடியே சொன்னாள். "என் கையில இல்ல."

வேலை டாச்சோவுக்குப் போனது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனுஷன், வந்து வருத்தம்கூடச் சொன்னான். எனக்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்தார்கள். அதை எங்கே மாட்டுவது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? திரும்பவும் பெட்டி கட்டினேன்.

ஏழு மாதம் கழித்து இயந்திரக் கை வந்து இறங்கியது. எங்கள் பிரிவில் இருபது பேர். ஆறு பேர்தான் மிஞ்சுவோம் என்றார்கள். பட்டியல் ஒந்திவேரோஸ் கையில்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் அவர் என் மேஜைக்கு வந்தார். உலர்த்தும் கோபுரத்தில் மறுபடியும் ஒரு பூட்டாம். பயிற்சி முடித்தவர் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லுமாம்.

"யாரோட பூட்டு?" என்றேன்.

"டாச்சோவோடது. கார்டு அடிச்சிட்டுப் போயிட்டான்."

அவர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேனோ என்னவோ. பேனாவை நீட்டிக்கொண்டு சும்மா நின்றார். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கோபுரம் ஓடத் தொடங்கியது. டேப்பை இழுத்து ஒட்டினேன், பெட்டியைத் தள்ளினேன், அடுத்ததை எடுத்தேன். எந்தச் சத்தமும் காதில் விழக் கூடாது என்று வாய்க்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் கூட்டம். யாரோ தோளைத் தட்டினார்கள். டாச்சோ.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அக்கா," என்றான்.

தள்ளி உட்கார்ந்தேன். தொழிற்சாலை வரும்வரை அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.