சோத்துக்கைப் பக்கம் சிவப்பு

என் ரயில் பன்னிரண்டாவது முறையாகக் குகை வாசலில் நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. கன்ட்ரோலரில் 'டக்' என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எஞ்சின் மூக்கை மட்டும் குகைக்குள் நீட்டியபடி செத்துக் கிடந்தது. மேசைக்கு அடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு மாப்ள."

மச்சான் என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவர் கைவைத்த லிஃப்ட்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குவதாகக் கேள்வி. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், ஒரு ஒற்று விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து வயர் போட்டால் ரயில் ஓடாமல் எங்கே போகும் என்று நினைத்தோம். அது குகை வாசல் வரை போனது.

விஷயம் விளையாட்டல்ல. வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஒரு அறை. அதில் ஆறு வருஷமாக என் மேசை இருக்கிறது: நீள்வட்டத் தண்டவாளம், ஸ்டேஷன், குகை, பாலம், அட்டையில் வெட்டிய நாலு மாடுகள். போன மாதம் என் மனைவி நடைப்பயிற்சி மெஷின் ஒன்று வாங்கினாள். வைக்க இடமில்லாமல் அது கூடத்தின் நடுவே போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதில் இடித்துக்கொள்ளாத முட்டி இந்த வீட்டில் இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குள்ள ரயில் நிக்காம ஒரு சுத்து வந்துச்சுன்னா ரூம் உங்களுக்கு. இல்லன்னா எனக்கு," என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். இன்று ஞாயிறு.

பழைய வயரெல்லாம் இற்றுப்போனதால் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டிருந்தோம். ஜன்னல் பக்கப் பாதி எனக்கு, கதவுப் பக்கப் பாதி மச்சானுக்கு. இரண்டு பாதிகளும் குகை வாசலிலும் பாலத்திலும் சேரும், அங்கே மட்டும் கரண்ட் தாண்டாமலிருக்கத் தண்டவாளத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் துண்டு. மேசைக்கடியில் மல்லாந்து படுத்தால் இடது வலது குழம்பிவிடும் என்பதால் நான்தான் விதி வகுத்தேன்.

"வண்டி போற திசையைப் பாருங்க மச்சான். சோத்துக்கைப் பக்கத் தண்டவாளத்துக்குச் சிவப்பு வயர், இன்னொண்ணுக்குக் கறுப்பு. இதுல சின்னக் குழந்தைகூடத் தப்புப் பண்ண முடியாது."

அவரும் மண்டையை ஆட்டினார். அதன்பின் ஆறு ஞாயிறு போயிற்று. தண்டவாளத்தைத் துடைத்தோம், எஞ்சினைக் கழற்றினோம், மாடுகளைக்கூடச் சந்தேகப்பட்டோம். அவருடைய பாதியில் ரயிலை வைத்து ஓட்டிப் பார்க்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. அவரோ மீட்டரை வைத்துப் பார்த்து, "பன்னெண்டு வோல்ட்டு, பளிச்சுன்னு வருது," என்று கடுப்பேற்றினார்.

மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் கரண்டியைத் தூக்கினேன், அவரும் தூக்கினார். முழங்கைகள் மோதி, என் வாய்க்குள் போகவேண்டியது சட்டைக்குள் போயிற்று. இந்த முழங்கை பன்னிரண்டு வருஷமாக என்னை இடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"மச்சான், உங்க சோத்துக்கை எது?"

அவர் கரண்டியோடு இடது கையை உயர்த்திக் காட்டினார்.

அவருடைய பாதி முழுக்கச் சிவப்பு இடது பக்கத்தில் இருந்தது. மீட்டரின் சிவப்பு முனையையும் அதே கையில் பிடித்ததால் மீட்டரும் அவர் கட்சியில் சேர்ந்திருந்தது. எஞ்சினின் சக்கரம் இரண்டு பாதியையும் ஒன்றாகத் தொட்டதும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்து ஷார்ட் ஆகாமல் வேறென்ன ஆகும்?

"சோத்துக்கைன்னா வலதுன்னு ஊருக்கே தெரியும் மச்சான்."

"எனக்குச் சோறு ஊட்டுற கை இதுதான் மாப்ள. நீங்க சொன்னதை அச்சுப் பிசகாமச் செஞ்சிருக்கேன்."

"ஏதாவது ஒரு பாதியை மாத்துனா போதும்ல?" என்று என் மனைவி கேட்டாள்.

"போதும்," என்றோம் இருவரும்.

"யாரு மாத்தப் போறீங்க?"

மாற்றினால் தப்பு செய்தவன் என்று ஆகிவிடும். அவர் சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டார், நான் பாத்திரங்களைத் தேவையில்லாத சத்தத்தோடு கழுவினேன்.

கழுவக் கழுவ மனசு கேட்கவில்லை. வாரத்தில் ஒரே நாள் லீவு அந்த மனுஷனுக்கு. முட்டி வலியோடு ஆறு வாரம் என் மேசைக்கடியில் தவழ்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு மணிக்குச் சத்தமில்லாமல் அறைக்குள் போய், என் பாதியின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முடுக்கிவிட்டு வந்தேன். சொல்லவில்லை. ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நாலரைக்கு அவர் அதே அறையிலிருந்து முட்டியில் தூசியோடு வெளியே வந்து, "மூக்குக்கண்ணாடியைத் தேடுனேன்," என்றார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது என் மனைவி மேசையருகே கைகட்டி நின்றாள். நான் கன்ட்ரோலரின் குமிழைத் திருகினேன். முன்னால் போகவேண்டிய ரயில் பின்னால் போயிற்று. குகைப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் பாலத்தை அடைந்தது. 'டக்.'

"இது புது இடமா இருக்கே," என்றாள். "யாரு மாத்துனது?"

இருவரும் கையைத் தூக்கினோம். நான் வலது, அவர் இடது.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, என் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நானும் மச்சானும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். ஏதோ உருண்டது. "அட, இவ்ளோதானா," என்று அவள் தனக்குள் சொல்வது கேட்டது. அப்புறம் சக்கரச் சத்தம். குகைக்குள் அடங்கி வெளியே வந்தது, பாலத்தில் கடகடத்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் அவர் முதுகில் தட்டினேன்.

"ஓடுதும்மா, கதவத் தெறம்மா," என்றேன்.

"மணி அஞ்சேகால் ஆகுதுங்க," என்றாள் உள்ளேயிருந்து. "ரூம் இப்ப என்னுது."

ரயில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.