தலையாட்டி வாங்கிய காரல்

நான் ஆர்.எஸ்.மங்கலத்தில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்த வாரப் பாடத்தில் 'கோயிங், கோயிங், கான்' என்ற தொடர் வந்தது. ஏலக்காரர் கடைசியாகச் சொல்வது; கண் முன்னால் கைநழுவிப் போகும் எதற்கும் சொல்லலாம், பந்தியில் தீரப்போகும் பிரியாணிக்குக்கூட. நோட்ஸில் 'ஏலம் முடியும் ஓசை' என்று போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் ஏலத்தையே பார்த்ததில்லை போலும். வயல்காட்டுப் பிள்ளைகளுக்கு மீன் ஏலத்தைப் படம்பிடித்துக் காட்டலாமென்று, எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக் கரைக்கு விடியக்காலையில் போனேன்.

வீரமணி அண்ணன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கூடை காரல் மீனுக்கு வியாபாரி நாகலெட்சுமியக்கா விலை கேட்டார். நான் செல்போனைத் தூக்கிப் பிடித்த நேரம் பார்த்து அம்மா அழைத்தாள்.

கீழக்கரை மாப்பிள்ளை வீட்டார் என் அப்பாவை, அத்தாவை, இன்னொரு போனில் பிடித்துக்கொண்டு இப்போதே பதில் கேட்கிறார்களாம். பையன் துபாயில், நல்ல இடம். ஒரே நிபந்தனை, நிக்காஹ் முடிந்ததும் நான் வேலையை விட வேண்டும். அந்த ஒன்றுதான் ஒரு மாதமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. வாய்விட்டுச் சொன்னேனா? இல்லை. அம்மா பேசினால் தலையாட்டுவது என் பிறவிக்குணம். போனில் அவளுக்குத் தெரியாது என்று தெரிந்தும் ஆட்டுவேன். பையனின் குணத்தைச் சொன்னாள், ஆட்டினேன். சம்பளத்தைச் சொன்னாள், ஆட்டினேன். நாகலெட்சுமியக்கா ஏனோ என்னை முறைத்துவிட்டு விலகிப் போனார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." வீரமணி அண்ணன் என்னையே பார்த்தார். "மூணு தரம்."

கூடை என் காலடியில் வந்து உட்கார்ந்தது. நான் வாயே திறக்கவில்லையே என்று பதறினேன். ஒவ்வொரு விலைக்கும் தலையாட்டினேனாம், கரையே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு தரத்துல நிறுத்திப் பாத்தேன் டீச்சர். அப்பவாச்சும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். போனில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "நீ ஒண்ணுஞ் சொல்லலைன்னா சம்மதந்தானே? அத்தா போனக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாக. சொல்லிரச் சொல்லவா?"

"வேணாம்மா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வேலைய விட மாட்டேன். அதுக்கு ஒத்துக்கிட்டா வரட்டும். இல்லாட்டி வேற எடம் பாக்கட்டும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. என்னைப் பெற்றவள் அல்லவா, தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

"சரி," என்றாள் அம்மா. பிறகு, "ஏங்க, அந்தப் போன வைங்க," என்று அத்தாவிடம் சொன்னது கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடைக் காரலைப் பற்றி மட்டும் அம்மாவிடம் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை.