இரண்டாவது உருண்டையில் பாதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை உண்ட மயக்கத்தில் பிறந்தது. திருப்பதியில் ஒரு மெஸ்ஸில் தாம்பாளம் போல் ஒரு தட்டை வைத்தார்கள். அவ்வளவு பெரிய தட்டில் சோறு கொஞ்சமாகத் தெரிந்தது. இன்னும் போடச் சொல்லி, பசியே இல்லாமல் எல்லாவற்றையும் காலி செய்தேன். அறைக்கு வந்து சாய்ந்து கண்ணை மூடியதும் களி வேகும் ஆவி வந்தது. ஆவிக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள்.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று'

(வேண்டாம். உலை கொதிக்கும்போது யார் உட்கார்ந்து சரித்திரம் கேட்பார்கள்?)

இரண்டாவது தொடக்கம்: பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில், மழை பொய்த்த அந்த வருஷத்தில், செல்லியம்மா கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ரேணிகுண்டாவுக்கு மூட்டை தூக்கப் போயிருந்த அவள் புருஷன் கங்கையா முந்தாநாள்தான் திரும்பியிருந்தான். போகும்போது இரண்டு உருண்டையில் நிறைகிற வயிறு அவனுக்கு. அங்கே சாப்பாட்டுக் கடையில் குவித்துக் குவித்துப் போட்டுப் பழக்கிவிட்டார்கள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

"இன்னாடி, உருண்ட இத்தினிக்கூண்டு கீது?" என்று நேற்றுக் கேட்டான்.

"எப்பவும் போடறதுதான்."

"வயிறு ரொம்பல செல்லி. ஊரு மெட்ராசுக்குப் போனா இன்னா, ஆந்திராவுலயே இர்ந்தா இன்னா? நான் ரேணிகுண்டாவுக்கே போறேன். நாளிக்கி மத்தியானம் பஸ்ஸு."

இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டான் என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இன்று காலையில் அவள் மாவைக் கூட்டவில்லை. கூட்ட மாவு ஏது? தண்ணீரைக் கூட்டினாள். முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிண்டினாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தில் தண்ணீர் தடவி உருட்டினாள். இரண்டும் பூசணிப் பிஞ்சு மாதிரி வந்து உட்கார்ந்தன.

(குறிப்பு: அதே மாவுதான். ஆனால் வயிறு எடையைப் பார்ப்பதில்லை, அடைகிற இடத்தைத்தான் பார்க்கிறது. கண்ணும் அதற்கு உடந்தை. நான் நடுநடுவே அடைப்புக்குறி போடுவதும் இதற்குத்தான். சின்னக் கதை, கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே.)

4

முடிவு ஒன்று: கங்கையா இரண்டையும் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். பஸ் (அடித்துவிட்டேன். மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: "சாலு, போதும்" என்று ஏப்பம் விட்டுவிட்டு, கட்டி வைத்த துணி மூட்டையை அவிழ்த்தான். (ரொம்ப இனிக்கிறது. களிக்கு ஆகாது.)

முடிவு மூன்று: இரண்டாவது உருண்டையில் பாதிக்கு வந்தபோது அவன் கை நின்றது. வயிறு நிறைந்துவிட்டதா, இல்லை

இந்த இடத்தில் செல்லியம்மா ஆவியை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, மூணு வாட்டி மாத்தி மாத்தி எழுதிட்ட. மூணு வாட்டியும் அவுருக்குத்தான் போட்ட. எனுக்கு?"

பானையை எட்டிப் பார்த்தேன். காலி. இரண்டே உருண்டைக்குத்தான் நான் மாவு எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு படி எழுதித் தரட்டுமா என்றேன்.

"கத மாவு எனுக்கு வேணாம். அவுரு கை நின்னுச்சி இல்ல, அது ஏன்னு மட்டும் சொல்லு. வயிறு ரொம்பிச்சா, இல்ல எனுக்குன்னு வெச்சாரா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாமல்தான் வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தேன்.

5

தட்டில் பாதி உருண்டை ஆறிக்கொண்டிருக்கிறது. கங்கையா இன்னும் கை கழுவவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிறது. அந்தத் தட்டை யார் பக்கம் நகர்த்துவது என்று நீங்களே சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் நேற்றும் சாப்பிடவில்லை.